பினாங்கு தந்த மருத்துவ மேதை



கல்வி ஒருவரை உயர்த்தும். அக்கல்வி பிறர் துயர் துடைக்கவும் பயன்படுமாயின், அது ஊரையும் உலகையும் காக்கும். இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்த ஒருவர் நம் மண்ணிலேயே பிறந்தார். அவரே டாக்டர் வூ லியன் தே.

1879-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள், பினாங்கில் அவர் பிறந்தார். தந்தையார் சீனாவிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃபிரீ பள்ளியில் கருத்தூன்றிப் பயின்ற வூ, 1896-ஆம் ஆண்டில் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீன மரபினர் அவரே.

பட்டம் ஒன்றே போதுமென அவர் எண்ணவில்லை. நோய் எதனால் வருகிறது, எவ்வாறு பரவுகிறது என்று அறியும் வேட்கை அவரை உந்தியது. லண்டன், லிவர்பூல், ஹாலே, பாரிஸ் ஆகிய நகரங்களின் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நுண்ணோக்கியே துணையாகக் கிருமிகளை ஆராய்ந்தார்.

1903-இல் தாயகம் திரும்பியவர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்தார். ஆயினும், ஆங்கிலேயர் அல்லாதார்க்கு மருத்துவத் துறையின் உயர் பதவிகள் அந்நாளில் எட்டாக் கனியாக இருந்தன. அவர் மனந்தளரவில்லை. பினாங்கில் மருத்துவம் பார்த்ததோடு, உழைப்பாளர் குடும்பங்களைச் சீரழித்த அபினிப் பழக்கத்தை எதிர்த்துப் போராடினார். பின்னர்ச் சீன அரசின் அழைப்பை ஏற்று, தியன்சின் நகர இராணுவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்றச் சென்றார்.

1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொடிய கொள்ளை நோய் பரவியது. நோயுற்றோர் இரத்தம் கக்கிச் சில நாள்களிலேயே மாண்டனர். ஒருவரும் பிழைக்கவில்லை எனும்படி இருந்தது நிலைமை. டிசம்பர் மாதக் கடுங்குளிரில் ஹார்பின் நகரை அடைந்தார் வூ. அப்போது அவருக்கு வயது 31.

எலிகளின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சிகளே அந்நோயைப் பரப்புவதாக மருத்துவர்கள் நம்பியிருந்தனர். வூ, இறந்த பெண்மணி ஒருவரின் உடலைச் சோதித்து நோய்க் கிருமியைக் கண்டறிந்தார். நோய் நுரையீரலைத் தாக்கி, மூச்சுக்காற்றின் வழியாகவே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்ற முடிவுக்கு வந்தார். பஞ்சும் மெல்லிய துணியும் சேர்த்து எளிய முகக்கவசம் செய்து, அனைவரும் அணிய வேண்டுமென வற்புறுத்தினார். வயதிலும் அனுபவத்திலும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதனை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைச் சோதித்த அவர், சில நாள்களில் அந்நோய்க்கே இரையானார்.

நோயுற்றோரையும் அவரோடு பழகியோரையும் தனித்தனியே வைக்க ரயில் பெட்டிகளைப் பயன்படுத்தினார் வூ. உறைபனியால் நிலம் பாறையாக இறுகியிருந்தது. 2,000-க்கும் மேற்பட்ட சடலங்கள் புதைக்கப்படாமலே கிடந்தன. சடலத்தை எரித்தல் மக்கள் மரபுக்கு மாறானது. ஆகவே அரசின் அனுமதியைக் கேட்டுப் பெற்று, 1911 ஜனவரி 31-ஆம் நாள் அவற்றை எரியூட்டச் செய்தார். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பின் நோயின் பிடியிலிருந்து விடுபட்டது. ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்த அந்நோய் மேலும் பரவாமல் ஒடுங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில், முக்டன் நகரில் பல நாட்டு அறிஞர்கள் கூடிய மாநாட்டுக்கு வூவே தலைமை தாங்கினார். 1935-இல் நோபல் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

1937-இல் மலாயா திரும்பியவர், ஈப்போவில் மருத்துவத் தொண்டைத் தொடர்ந்தார். அந்நகரில் பொது நூல்நிலையம் அமைய உழைத்தோருள் அன்னாரும் ஒருவர். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள், பிறந்த பினாங்கிலேயே இயற்கை எய்தினார். 2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் உலகைச் சூழ்ந்தபோது, மக்கள் அவரையும் அவருடைய முகக்கவசத்தையும் நன்றியோடு நினைவுகூர்ந்தனர்.

மாணவச் செல்வங்களே! தொழிலாளி மகன் கல்வியில் சிறந்தால் எத்தனை உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு டாக்டர் வூ ஓர் எடுத்துக்காட்டு. அறிவியல் பாடத்தைத் தேர்வுக்கென மட்டும் கற்காமல், ஏன், எப்படி என்று கேட்டுக் கற்பீர்களாக. பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கேட்கும் கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். நாளை பலருடைய உயிரைக் காக்கும் விடை அக்கேள்வியிலிருந்தே பிறக்கக் கூடும்.