கெசேனியஸ் கண்ட வேர்ச்சொற்கள்

களிமண்ணையும் முகத்தலளவை ஒன்றையும் ஒரே சொல்லாற் சுட்டுதல் எபிரேயம் கற்கப் புகுவாரைத் திகைக்கச் செய்யும். ஹோமெர் என்பது அச்சொல். ஹேமார் எனின் நிலக்கீல். ஹமோர் எனின் கழுதை. இவற்றின் உறவை நெறிப்பட ஆராய்ந்தவருள் தலையாயவர் ஜேர்மானியப் பேராசிரியர் வில்ஹெல்ம் கெசேனியஸ்.

1786 பெப்ரவரி 3ஆம் நாள் நோர்ட்ஹவுசன் நகரில் மருத்துவர் ஒருவர்க்கு மகனாகத் தோன்றிய இவர், 1810இல் ஹாலே பல்கலைக்கழகஞ் சேர்ந்தார். அவ்வாண்டே இவரது அகராதி வெளிவரத் தொடங்கிற்று. 1813இல் இலக்கணமும் வந்தது. எபிரேயத்தைத் தனித்து நிற்குந் தெய்வமொழியாகக் கொள்ளாது, அரபு, சிரியம் முதலிய இனமொழிகளோடு ஒப்பிட்டே பொருள் காணல் இவர் நெறி. கொதித்துப் பொங்குதல் என்னும் வேர்ப்பொருளினின்றும் நிலக்கீலையும், செம்மைப் பொருளினின்றும் களிமண்ணையும் கழுதையையும் வருவித்தார். குவியல் என்னும் பொருள்வழி அளவைப் பெயர் பிறந்ததென்றார். செங்கல்லைக் குறிக்கும் லெவேனா, வெண்மையைக் குறிக்கும் லாவான் என்பதனடியாக வந்ததென்பதும் இவர் கொள்கை. (விவிலியத்தைத் தமிழாக்கினோர் ஹோமெரைக் கலம் என்றனர். தமிழ்நாட்டுக் கலத்துக்கு மரக்கால் பன்னிரண்டு. எபிரேயர் ஹோமெருக்கு ஏப்பா பத்தேயாம். ஆயினும் பொருந்திய பெயரே.)

இங்ஙனம் மறைநூற் சொற்களை ஏனைய சொற்களைப்போல அகழ்ந்தாராய்தல் எல்லார்க்கும் உவப்பாயிருந்ததில்லை. 1830இல், மாணவர் எழுதிய பாடக்குறிப்புக்களையே சான்றாகக் காட்டி, பெர்லின் திருச்சபை ஏடொன்று இவரையும் இவர் உடனாசிரியர் வெக்‌ஷைடரையும் பழித்தது. விசாரணையும் நடந்தது. வகுப்பறையிற் பேசியதை இவ்வாறு வெளிக்கொணர்ந்து ஆசிரியன் மேல் எறிதல் நேர்மையன்றென்பது என் துணிபு. பதவி பறிபோகவில்லை, இவர் தம் நெறியினின்றும் பிறழவுமில்லை.

1829இற் தொடங்கிய பேரகராதி முற்றுமுன் 1842 ஒக்டோபர் 23இல் இயற்கை எய்தினார். ரோடிகர் என்னும் அறிஞர் அதனை 1858இல் நிறைவித்தார்.

அதற்கு முந்திய ஆண்டிலேதான் அக்கேடியரின் ஆப்பெழுத்து வாசிக்கப்பட்டமை இலண்டனில் உறுதியாயிற்று. அம்மொழியில் இமேரு என்பது கழுதைக்கும் அளவைக்கும் ஒருங்கே பெயர். ஆகவே ஹோமெர் குவியலன்று, கழுதைச் சுமையென்பதே பின்னையோர் முடிபு. செங்கல்லுக்கு அங்கும் லிபிற்று என்னும் இனச்சொல் உண்மையால், வெண்மைக் காரணமுந் தளர்ந்தது. இனமொழி கொண்டு பொருள் காண்க என இவர் வகுத்த வழியே இவர் முடிபுகளைத் திருத்திற்று. அத்திருத்தங்களைத் தாங்கி 1987 முதற் பகுதி பகுதியாக வந்த 18ஆம் பதிப்பும் கெசேனியஸ் பெயராலேயே வழங்குகின்றது.