தவளைக் காலில் மின்னாற்றல் கண்ட கால்வானி

இத்தாலி நாட்டுப் பொலோனா நகரத்துப் பல்கலைக்கழகம், இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூல் நெடுங்காலம் பாடமாக விளங்கிய கல்விக்கூடங்களுள் ஒன்று. அந்நகரில் 1737 செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்த லூயிஜி கால்வானி, அங்கேயே மருத்துவமும் மெய்யியலும் பயின்று 1759இல் பட்டம் பெற்று, பின்னர் உடற்கூற்றியல் ஆசிரியராகவும் அமர்ந்தார். மனைவி லூசியா, ஆய்வுகளிலும் அவருக்குத் துணைநின்ற அறிவுடைய பெண்மணி.

நரம்பின் வழியே நுண்ணிய ஆவியொன்று இறங்கித் தசையை ஏவுகிறது என்பதே அந்நாளைய மரபுவழிக் கருத்து. மின்பொறியில் தீப்பொறி எழுந்தபோது, அப்பொறியோடு தொடர்பற்றுக் கிடந்த தவளையின் கால், நரம்பைக் கத்தி தொட்ட அளவில் உதைத்துக்கொண்டதைக் கால்வானி கண்டார். 1786இல் பித்தளைக் கொக்கியில் கோத்த தவளைக் கால்கள், இரும்புக் கம்பியில் பட்டபோது, இடிமின்னல் இன்றியே துடித்தன. உயிருடலுக்குள்ளேயே மின்னாற்றல் உறைகிறது என்னும் முடிவை 1791இல் இலத்தீன் மொழியில் வெளியிட்டார். அதனைக் காண லூசியா இல்லை; அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

பாவியாப் பேராசிரியர் வோல்டா முதலில் வியந்தார், பின்னர் மறுத்தார். மின்சாரம் பிறப்பது இருவேறு உலோகங்களின் சேர்க்கையில்; தவளை அதனை உணர்த்தும் கருவியே என்றார். 1794இல் உலோகமே இன்றி, நரம்பைத் தசைமீது நேரே படச்செய்தும் கால் சுருங்குவதை மெய்ப்பித்து விடை பகரப்பட்டது. பாடநூல்கள் கொக்கியை மட்டுமே பேசுகின்றன. இவ்வாய்வே அதனினும் வலியது என்பது நம் கருத்து.

வழக்கின் தீர்ப்பை 20ஆம் நூற்றாண்டு அளித்தது. நரம்பு முனைக்கும் தசைக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்புத் துடிப்பு முனையை எட்டியதும் அசிட்டைல்கோலின் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, தசை உயிரணுவின் சவ்விலுள்ள ஏற்பிகளைத் திறக்கிறது. சோடியம் அயனிகள் உட்புகுகின்றன. ஓய்வில் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் தாழ்ந்திருந்த உட்புற மின்னழுத்தம் கண்ணிமைக்கும் முன்பே நேர்க்குறிக்கு மாறுகிறது. அம்மாற்றம் தசையிழை நெடுகப் பரவ, உள்ளே சேமிப்பிலிருந்த கால்சியம் விடுபட்டுத் தசை சுருங்குகிறது. இடையே நிற்கும் வேதித் தூதனைக் கால்வானி அறியார். ஆயினும், தசையின் உள்ளும் புறமும் மின்னால் வேறுபட்டவை என்று, அதனை லெய்டன் சாடிக்கு ஒப்பிட்டு அவர் உய்த்துணர்ந்தது பொய்க்கவில்லை. கொக்கியும் கம்பியும் பற்றி வோல்டா கூறியதும் பொய்யன்று.

நெப்போலியன் படைவெற்றியால் எழுந்த சிசால்பைன் குடியரசு, ஆசிரியர்கள் அனைவரும் தனக்கு விசுவாச ஆணை எடுக்க வேண்டும் என்றது. தம் சமய நம்பிக்கைக்கு மாறான ஆணையை நாவால் மொழிய அவர் இசையவில்லை. ஆணையின் கனத்தை அறிந்த நம் பெரியோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1798இல் பதவி பறிபோயிற்று, ஊதியமும் நின்றது. உடன்பிறந்தார் இல்லத்தில் ஒதுங்கி வாழ்ந்து, அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள் மறைந்தார். அவருடன் வாதிட்டதன் பயனாய் உருவான மின்கல அடுக்கை வோல்டா உலகுக்கு அறிவித்தது 1800இல்.