இலைக்காகப் புல் தேடியவர்

தீவனப்புல் விதை வாங்கும்போது முளைப்புத்திறனை மட்டும்தானே கேட்கிறீர்கள்? தாய்ச்செடி எப்படிப்பட்டது என்றும் கேட்க வைத்தவர் ஜார்ஜ் ஸ்டேபிள்டன். 1882-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதல் உலகப்போரின்போது லண்டனில் அரசு விதைப் பரிசோதனை நிலையத்தை நடத்தினார். 1919-ல் வேல்ஸின் அபெரிஸ்டுவித்தில் தொடங்கிய பயிர்ப்பெருக்க நிலையத்தின் முதல் இயக்குநரானார்.

அன்று கடையில் விற்ற ரைகிராஸ் விதை நன்றாகவே முளைத்தது. ஆனால் பயிர் சீக்கிரம் பூத்துத் தண்டாகி, சில ஆண்டுகளில் மெலிந்துபோனது. விதைக்கு அறுத்தவர்கள், அதிகம் விதை தந்த செடிகளையே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியிருந்தார்கள். இலை மிகுந்து நீடித்து நிற்கும் குத்துகளிலோ விதை குறைவு. பழைய மேய்ச்சல் நிலங்களில் அந்தக் குத்துகளைத் தேடியெடுத்து எஸ்.23 போன்ற ரகங்களை அவரது நிலையம் உருவாக்கியது. விதை எடுப்பவருக்கு மகசூல் குறைவுதான். மாடு வளர்ப்பவருக்குப் பல ஆண்டு மேய்ச்சல். 1960-ல் ஸ்டேபிள்டன் மறைந்தார்.