பறவையறிஞர் சாலிம் அலி

ஐப்பசி கார்த்திகைத் திங்களில் மழை பெய்து, குளத்தூர் வட்டத்து ஏரிகளும் கண்மாய்களும் நிறையுங்கால், நீர்ப்புட்கள் பல அங்கு வந்து சேர்தல் யாவரும் அறிந்ததே. சனி ஞாயிறு விடுமுறைகளில் தூரக்கண்ணாடியும் குறிப்பேடுங் கொண்டு கரைதோறுஞ் சென்று, அரிய புள் ஒன்றேனும் தென்படுமோவெனத் தேடும் இளைஞர் நம்மிடையே உளர். அன்னார்க்கு வழிகாட்டியாகத் தக்கவர் சாலிம் அலி என்னும் பேரறிஞர். அவர்தம் வரலாற்றைச் சுருக்கி ஈண்டு வரைவாம்.

இவர் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயிற் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, அம்மான் அமீருத்தீன் தயாப்ஜியின் மனையில் வளர்ந்தார். சிறுவராயிருந்தபோது, தாம் காற்றுத் துப்பாக்கியாற் சுட்ட குருவியொன்றின் கழுத்து மஞ்சளாயிருத்தல் கண்டு வியந்து, அஃது யாதென அறிய விரும்பிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை அடைந்தார். அதன் செயலாளர் மில்லார்டு என்பார் அக்குருவியின் பெயரைக் கூறியதோடு, கழகத்திற் சேமித்திருந்த பறவைகளையுங் காட்டினார். அன்று எழுந்த வேட்கை இறுதிவரை தணிந்திலது.

பின்னர் பர்மாவில் வணிகம் செய்தார், அது கைகூடவில்லை. 1929இல் பெர்லின் நகரஞ் சென்று, ஸ்திரேஸ்மன் என்னும் அறிஞரிடம் பறவையியல் பயின்றார். மீண்டு வந்தபோது உத்தியோகம் இல்லை. அதனால் மனைவியார் தெகமினாவுடன் கீகிம் என்னுங் கடற்கரைச் சிற்றூரில் தங்கினார்.

அவ்வூரில் இவர் ஆராய எடுத்துக்கொண்டது அரிய பறவையன்று. நம்மூர்ப் பனைகளிலுங் காணும் தூக்கணாங்குருவியே. 1930ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நாடோறும் அதனை நோக்கியிருந்து, பிறர் அறியாததொன்றை அறிந்தார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவே கட்டி நிறுத்தும். பெண்குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டபின் அதனை முடிக்கும். உடனே வேறொரு கூடு தொடங்கி, வேறொரு பெடையை எதிர்நோக்கும். இவ்வாராய்ச்சியே இவர்க்குப் பெரும்புகழ் தந்தது.

அரியவற்றைத் தேடுவதையும் இவர் விட்டாரல்லர். குமாவுன் அடிவாரத்தில் ஃபின் தூக்கணாங்குருவியை மீண்டுங் கண்டறிந்தார். 1876க்குப்பின் உறுதியாகக் காணப்படாத இமயமலைக் காடையையோ தேடியுங் கண்டிலர். 1939இல் மனைவியார் இறந்த பெருந்துயரிலும் பணி தளரவில்லை. 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1968 முதல் 1974 வரை, ரிப்ளி என்பாருடன் பத்துத் தொகுதிப் பெருநூலையும் இயற்றினார்.

அக்காலத்துப் பறவையியல் துப்பாக்கியை நம்பியிருந்தது. இவரும் ஆராய்ச்சியின் பொருட்டுப் பல புட்களைச் சுட்டவரே. பிற்காலத்திலோ, பறவைகளை உயிருடன் பிடித்து, எண் பொறித்த வளையத்தைக் காலிலிட்டுப் பறக்கவிடும் பணியை முன்னின்று நடத்தினார். நமக்குக் கிழக்கே நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடிக்கரையும் அப்பணி நிகழ்ந்த இடங்களுள் ஒன்று. 1967இல் அது சரணாலயமாயிற்று. 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்ற இப்பெரியார், 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் காலமானார்.

மாணவ நண்பர்காள்! அரிய புள் வருதல் நம் கையிலில்லை, வந்தால் மகிழ்வோம். நாமக்கோழியும் முக்குளிப்பானும் எத்தனை உள, எந்நாள் வந்தன, எங்குக் கூடு கட்டின என ஆண்டுதோறும் குறித்துவைத்தலோ நம்மால் இயலும். கண்மாய் தூர்ந்து போங்கால், ஆங்கு யாது இருந்ததென எடுத்துக்காட்டிக் காக்க முயல்வார்க்கு அக்குறிப்பே துணையாகும். ஆதலின், அரியதைக் காணாது திரும்பும் நாளிலும் குறிப்பேட்டை வெறிதே மூடாதிருப்போமாக.