தீக்குச்சிகளை ஆட வைத்த பால்கே: ஓவியப் படிப்பு முடித்த பிறகு 22 ஆண்டுகள் என்ன செய்தார்?

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். மலைக்குப் போய் வருகிறவர்கள் சாமி படக் கடைகளை எட்டிப் பார்க்காமல் திரும்புவது குறைவு. மயில் மேல் ஆறுமுகம், இருபுறமும் வள்ளி, தெய்வானை. பல வீடுகளின் பூஜை அறையில் இருக்கும் படம் இது. சாமி படங்களை இப்படி அச்சடித்து இந்தியா முழுக்கக் கொண்டு சேர்த்ததில் ராஜா ரவி வர்மாவின் அச்சகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆறுமுகனும் அங்கே அச்சாகியிருக்கிறார்.

அந்த அச்சகம் மகாராஷ்டிராவின் லோனாவாலா பக்கத்தில் இயங்கியது. திருத்தணி ஸ்டேஷனைக் கடந்து போகும் சென்னை - மும்பை ரயில் பாதையில்தான் லோனாவாலாவும் இருக்கிறது. சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு, அந்த அச்சகத்துக்காக வெளியிலிருந்து வேலை செய்து கொடுத்தார் ஒருவர். ஓவியக் கல்லூரியில் படித்தவர். பல தொழில்களில் கையைச் சுட்டுக்கொண்டவர். அவர்தான் தாதாசாகேப் பால்கே.

இந்திய சினிமாவின் தந்தை என்று அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனா இந்தியாவில் ஸ்டாப் மோஷன் அனிமேஷனை முதன்முதலில் செய்து பார்த்தவரும் அவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஓவியம், டிசைன், அனிமேஷன் படித்துவிட்டு, வேலைக்குப் போவதா, ஃப்ரீலான்ஸாக இறங்குவதா என்று யோசிப்பவர்களுக்கு அவர் வாழ்க்கையில் பார்க்க நிறைய இருக்கிறது.

யார் இந்த பால்கே?

முழுப் பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. நாசிக் அருகே திரியம்பகத்தில் 1870 ஏப்ரல் 30 அன்று பிறந்தார். அப்பா சமஸ்கிருத அறிஞர். பம்பாய் வில்சன் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்ததால் குடும்பம் நகரத்துக்கு வந்தது.

1885-ல் பம்பாயின் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் சேர்ந்தபோது பால்கேவுக்கு 15 வயது. அதன் பிறகு பரோடா போய், கலா பவனில் ஓவியம் படித்தார். 1890-ல் ஆயில் பெயின்டிங், வாட்டர் கலர் படிப்பு முடிந்தது. சிற்பம், கட்டடக்கலை, போட்டோகிராபி, படங்களை அச்சுக்குத் தயார் செய்யும் பிளாக் தயாரிப்பு என்று கைக்கு எட்டியதை எல்லாம் கற்றுக்கொண்டார்.

படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்ததா?

இல்லை. கலா பவன் ஸ்டூடியோவைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்கி, பிளாக் செய்து கொடுக்கும் சிறு தொழிலை ஆரம்பித்தார். வருமானம் நிலைக்கவில்லை. அடுத்து கோத்ரா ஊருக்குப் போய் போட்டோ ஸ்டூடியோ வைத்தார். அங்கே பரவிய பிளேக் நோயில் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார்.

மனம் உடைந்து பரோடா திரும்பியவர் மறுபடியும் போட்டோ தொழிலில் இறங்கினார். கேமரா உடம்பின் சக்தியை உறிஞ்சிவிடும், படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று மக்கள் பயந்த காலம் அது. வாடிக்கையாளர் வரவில்லை.

அதன் பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து கொடுத்தார். ஊருக்கு வந்திருந்த ஒரு வித்தைக்காரரிடம் மேஜிக் கற்றுக்கொண்டு, தன் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு, ‘புரொபசர் கெல்ஃபா’ என்ற பெயரில் மேடையும் ஏறினார். 1903-ல் தொல்லியல் துறையில் போட்டோகிராபர், வரைவாளர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம். ஆனா 1906-லேயே அதை விட்டுவிட்டார்.

லோனாவாலாவில் என்ன செய்தார்?

ஒரு பங்குதாரரோடு சேர்ந்து சொந்தமாக அச்சுத் தொழில் தொடங்கினார். ரவி வர்மா அச்சகத்துக்கு, படங்களை அச்சுக்கல்லுக்கு மாற்றித் தருவதுதான் முக்கிய வேலை. ஒரு பெரிய நிறுவனத்தின் வேலையை வெளியில் இருந்து செய்து கொடுப்பது. இன்றைய ஃப்ரீலான்ஸர்களுக்கு நன்றாகப் பழக்கமான நிலைமைதான்.

தொழில் பிறகு பம்பாய் தாதருக்கு மாறியது. புதிய பங்குதாரர்கள் வந்தார்கள். கலர் பிரின்டிங் இயந்திரங்களுக்காக 1909-ல் பால்கே ஜெர்மனி வரை போய் வந்தார். அச்சகம் நல்ல பெயர் எடுத்தது. ஆனா நிர்வாகத்தில் பங்குதாரர்களோடு மோதல் வந்தது. கையில் ஒரு பைசா வாங்காமல் வெளியேறினார். 40 வயது, குடும்பம், குழந்தைகள், வருமானம் இல்லை.

திருப்பம் எங்கே வந்தது?

அந்த நேரத்தில்தான் பம்பாயில் ஒரு கூடாரத் தியேட்டரில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படத்தைப் பார்த்தார். நம்ம ஊர் ராமனையும் கிருஷ்ணனையும் இதே மாதிரி திரையில் கொண்டு வர முடியாதா என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஓய்வில்லாமல் படங்களைப் பார்த்தும் பரிசோதனைகள் செய்தும் கொஞ்ச காலம் கண்பார்வையையே இழந்தார். சிகிச்சைக்குப் பிறகு பார்வை திரும்பியது.

ஆயுள் காப்பீட்டு பாலிசிகளை அடமானம் வைத்து 1912 பிப்ரவரியில் லண்டன் கிளம்பினார். அங்கே படத் தயாரிப்பாளர் செசில் ஹெப்வொர்த்தின் ஸ்டூடியோவில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஒரு வில்லியம்சன் கேமராவோடு ஊர் திரும்பினார்.

பட்டாணிச் செடி எதற்கு?

கேமரா வந்துவிட்டது. படம் எடுக்கப் பணம்? யாரும் தரத் தயாராக இல்லை. பால்கே ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்து, எதிரே கேமராவை அசையாமல் நிறுத்தினார். செடி வளர வளர, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்த செடி, திரையில் சுமார் ஒரு நிமிடத்தில் மண்ணைப் பிளந்து எழுந்து கொடியாகப் படர்ந்தது. இன்று நாம் ‘டைம்-லாப்ஸ்’ என்கிறோமே, அதேதான்.

அந்தச் சின்னப் படத்தைத் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார். பார்த்த பிறகு கடன் கொடுக்க ஆள் வந்தது. அனிமேஷன் துறையில் வேலை கேட்டுப் போகிறவர்கள் இன்று ‘ஷோரீல்’ காட்டுகிறார்கள். பால்கேவின் ஷோரீல் அந்தப் பட்டாணிச் செடி.

கடன் மட்டும் போதவில்லை. 1902-ல் அவர் மறுமணம் செய்திருந்த சரஸ்வதியின் நகைகளும் அடமானத்துக்குப் போயின. நகை கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. பிலிமில் துளை போட்டார், பிலிம் கழுவினார், படக்குழுவுக்குச் சமைத்தும் போட்டார். இத்தனைக்கும் பிறகுதான் ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 மே 3 அன்று பம்பாய் கொரோனேஷன் தியேட்டரில் வெளியானது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்ற இடம் அதற்குக் கிடைத்தது.

தீக்குச்சிகள் எப்படி ஆடின?

1915-ல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பெரிய படத்துக்குப் பணம் புரட்ட முடியாத நெருக்கடி. நடிகர், செட், உடை எதுவும் வேண்டாத ஒன்றை பால்கே செய்தார். நடிகர்களுக்குப் பதில் தீக்குச்சிகள். ‘அக்காட்யாஞ்சி மௌஜ்’ என்று பெயர். தீக்குச்சிகளின் கும்மாளம் என்று தமிழில் சொல்லலாம்.

முறை எளிது, வேலை கடினம். தீக்குச்சிகளை மேஜை மேல் அடுக்கி ஒரு படம். லேசாக நகர்த்தி இன்னொரு படம். மௌனப் படக் காலத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடின. அப்படியானால் ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 960 முறை நகர்த்த வேண்டும். நடுவில் கை தட்டிவிட்டால் போச்சு. காசுகளை நகர வைத்தும் அவர் படம் செய்திருக்கிறார். இந்தப் படங்கள் எதுவும் இன்று நம்மிடம் இல்லை.

கொஞ்சம் யோசித்தால் ஒன்று புரியும். தோற்றுப்போனதாக நினைத்த வேலைகள் எல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. போட்டோ ஸ்டூடியோவில் பழகிய இருட்டறை வேலை, நாடகத் திரைச்சீலை, மேஜிக்காரரிடம் கற்ற கண்கட்டு, அச்சகத்தில் வந்த பொறுமை. எதுவும் வீண் போகவில்லை.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

இங்கேதான் கதை கசக்கிறது. 1917-ல் வந்த ‘லங்கா தகனம்’ படத்துக்கு மெட்ராஸில் வசூலான காசை மாட்டு வண்டியில் ஏற்றிப் போனதாக ஒரு கதை உண்டு. அத்தனை ஓட்டம். 1918-ல் பணக்காரப் பங்குதாரர்களோடு இந்துஸ்தான் சினிமா கம்பெனி தொடங்கினார். அங்கேயும் அச்சகத்தில் நடந்ததுதான் நடந்தது. பணம் போட்டவர்களோடு மோதி, ராஜினாமா செய்து, பிறகு திரும்பி வந்தார். பேசும் படம் வந்ததும் அவர் காலம் முடிந்தது. 1937-ல் ‘கங்காவதரண்’ என்ற ஒரே ஒரு பேசும் படம் எடுத்தார். 1944 பிப்ரவரி 16 அன்று நாசிக்கில் இறந்தபோது சினிமா உலகம் அவரைக் கிட்டத்தட்ட மறந்திருந்தது.

1969 முதல் அவர் பெயரில் மத்திய அரசு விருது தருகிறது. சிவாஜி கணேசன், பாலசந்தர், ரஜினிகாந்த் எல்லாம் வாங்கிய அதே விருதுதான்.

இன்று தொடங்குகிறவர்களுக்கு என்ன இருக்கிறது?

பால்கேவைப் போல வீட்டு நகையையும் இன்சூரன்ஸையும் அடமானம் வைக்க வேண்டிய அவசியம் இன்று இல்லை. ஒரு லேப்டாப்பும் இலவச மென்பொருளும் இருந்தால் திருத்தணியில் உட்கார்ந்தே ஒரு நிமிடப் படம் செய்யலாம். தீக்குச்சி, செல்போன் கேமரா, ஸ்டாண்ட் போதும் என்றால் அதுவும் சரி.

ஆனா இரண்டு விஷயங்கள் மாறவில்லை. வாய்ப்பு கேட்பதற்கு முன்னால், சின்னதாக ஒன்றைச் செய்து முடித்துக் காட்ட வேண்டும். அதில் பால்கே ஜெயித்தார். யாருக்கு எவ்வளவு பங்கு, பிரிந்தால் என்ன ஆகும் என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். அதில் இரண்டு முறையும் அடிபட்டார். படிப்பை முடித்து வெளியே வருகிறவர்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடக் கூடாது.