வலங்கைமானின் வெள்ளி நாக்கு

செமினார்னு சொன்னாலே நம்மில் பாதிப் பேருக்குத் தொண்டை அடைச்சுக்கும். புளியந்தோப்புல இருந்து வர்ற பையன் மேடையில ஒரு நீளமான இங்கிலீஷ் வார்த்தையில தடுக்கினா, பின் பெஞ்சுல ஒரு சிரிப்பு. இங்கிலீஷ் பொறப்புலயே வரணுமாம்! அப்படி நினைக்கிறவங்க வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி வாழ்க்கையைப் படிக்கணும்.

1869-ல் வலங்கைமானில் ஒரு ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். படிப்பு கும்பகோணத்தில். பிழைப்பு வாத்தியார் வேலை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். 1907-ல் அதை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கோகலே இறந்தபின் 1915-ல் அதன் தலைவரானார்.

அவர் முதன்முதலா இங்கிலாந்து போனது 1919-ல். வயசு கிட்டத்தட்ட ஐம்பது! வெள்ளைக்காரர்களே வாயைப் பிளந்து கேட்ட அந்த உச்சரிப்பு, கப்பல் ஏறும் முன்பே காவிரிக்கரையில் உருவானது.

அப்படி என்ன கஷ்டம் அதுலன்னு கேட்டா, அழுத்தம்தான். தமிழில் ‘மின்’ என்ற சொல்லோடு எதை ஒட்டினாலும் (மின்னியல், மின்னாக்கி, மின்னணுவியல்) ‘மின்’ அப்படியே நிற்கும். இங்கிலீஷில் வால் நீண்டால் அழுத்தம் இடம் மாறும். ‘எலக்ட்ரிக்’கில் ‘லெக்’ மேல் விழுவது, ‘எலக்ட்ரிசிட்டி’யில் ‘ட்ரி’ மேல் போய்விடும். ‘போட்டோகிராப்’பில் முதல் அசை, ‘போட்டோகிராபி’யில் இரண்டாவது, ‘போட்டோகிராபிக்’கில் மூன்றாவது. ஆனா இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு: ‘ஷன்’, ‘இட்டி’, ‘இக்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். ‘ஆட்டோமேஷன்’னா ‘மே’. இது பரம்பரைச் சொத்தில்ல, நம்ம பார்முலா மாதிரி பழகினா வர்றதுதான்.

சாஸ்திரி அந்த நாக்கை அலங்காரத்துக்கு வச்சுக்கல. 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி, அங்கே குடியிருந்த இந்தியர்களின் உரிமைக்காகப் பேசினார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜென்ட். டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்காக எழுந்த சாஸ்திரி கல்லூரி அவர் முயற்சிதான். மிதவாதி, பிரிட்டிஷாரை ரொம்ப நம்பினார் என்ற விமர்சனமும் உண்டு. எனக்கும் அதில் பாதி உடன்பாடு.

பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1940-ல் சென்னை அரசு கலைச்சொல் ஆக்கக் குழு ஒன்றை அமைத்து அவரைத் தலைவராக்கியது. நீளமான இங்கிலீஷ் சொல்லுக்கெல்லாம் தமிழில் என்ன சொல்வது? சமஸ்கிருதச் சொற்களே அதிகம் நுழையும் என்று தமிழறிஞர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். குழுவில் தமிழறிஞர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இங்கிலீஷின் ஒவ்வொரு அசையையும் அறிந்தவர், சொந்த மொழியின் வேர்ச்சொல் பலத்தைக் குறைச்சு மதிப்பிட்டுட்டார்னுதான் எனக்குத் தோணுது.

1946 ஏப்ரல் 17-ல் சென்னையில் காலமானார். டர்பனில் அவர் பெயர் இன்னமும் இருக்கிறது.