கணக்கை எளிதாக்கிய பேரறிஞர் அல்-குவாரிஸ்மி

நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியை முடித்து உயர்நிலை ஒன்றில் காலடி வைத்ததும் கணிதப் பாடத்தில் இரண்டு சவால்களைச் சந்திக்கிறார்கள். ஒன்று, பூஜ்யத்துக்கும் கீழே போகும் எண்கள். மற்றொன்று, எண் இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்காரும் எக்ஸ் என்ற எழுத்து. அதுவரை கட்டம் வரைந்து, பங்கு பிரித்து, தெளிவாகக் கணக்குப் போட்டுவந்த பிள்ளை இங்கே தடுமாறுகிறது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் எப்படி வரும் என்று கேட்கிறது. பல வீடுகளில் அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. விதியை மனப்பாடம் செய்துகொள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அதே வேளையில், அல்ஜீப்ராவை உலகுக்குத் தந்தவர்கள் முஸ்லிம்கள் என்று மேடைதோறும் பெருமையாகப் பேசவும் செய்கிறோம். அந்தப் பெருமைக்குரியவர் யார், யாருக்காக எழுதினார், எப்படிக் கற்பித்தார் என்பதை அறிந்தவர்கள் நம்மில் குறைவு. அறிந்துகொண்டால், நம் பிள்ளைகளின் தடுமாற்றத்துக்கு மருந்து அவருடைய நூலிலேயே இருப்பது தெரியும். சங்கத்தின் பொன்விழா மலரில் அவரை நினைவுகூர்வதன் நோக்கம் அதுதான்.

பாக்தாதில் ஓர் அறிஞர்

அவருடைய பெயர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. ஏறத்தாழ கி.பி. 780இல் பிறந்து 850 வாக்கில் மறைந்தார். குவாரிஸ்ம் என்பது ஆரல் கடலுக்குத் தெற்கே உள்ள நிலப்பகுதி. இன்று அது உஸ்பெகிஸ்தான், துருக்மெனிஸ்தான் ஆகிய இரு நாடுகளிலும் பரந்து கிடக்கிறது. அந்த மண்ணின் பெயரே அவருடைய பெயராக நிலைத்தது.

அவர் வாழ்ந்து பணியாற்றிய நகரம் பாக்தாத். கலீஃபா அல்-மன்சூர் 762இல் அடித்தளமிட்ட அந்நகரம், இரண்டு தலைமுறைக்குள் உலகின் பெருநகரங்களில் ஒன்றாகிவிட்டது. 813 முதல் 833 வரை ஆட்சி செய்த கலீஃபா அல்-மஃமூன் அறிஞர்களைத் தேடித் தேடி ஆதரித்தார். பைத்துல் ஹிக்மா எனப்பட்ட ஞான இல்லத்தில் கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம் எனப் பல மொழிகளின் அறிவு அரபு மொழிக்கு வந்து சேர்ந்தது. அங்கே பணியாற்றியவர்களில் ஒருவர்தான் அல்-குவாரிஸ்மி.

அவருடைய உழைப்பு ஒரு துறையோடு நிற்கவில்லை. இந்திய வானியல் முறையைத் தழுவி சீஜ் அல்-சிந்த்ஹிந்த் என்ற வானியல் அட்டவணையைத் தொகுத்தார். பூமியின் வடிவம் பற்றிய தம் நூலில் 2402 இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பட்டியலிட்டார். ஆனால் உலகம் அவரை மறக்காமல் இருப்பதற்குக் காரணம் ஒரு சுருக்கமான கணக்கு நூல். ஹிஸாப் அல்-ஜப்ர் வல்-முகாபலா என்ற அந்த நூலை அவர் அல்-மஃமூனின் ஆட்சிக் காலத்தில் எழுதினார்.

யாருக்காக எழுதினார்?

சக அறிஞர்களை வியக்கவைப்பதற்காக அவர் அந்த நூலை எழுதவில்லை. எளிமையும் பயனும் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே கலீஃபா அவரிடம் கேட்டது. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகிய அன்றாடக் காரியங்களில் மக்களுக்கு எந்தக் கணக்கு தேவையோ அதைத்தான் தருவதாக அவர் முன்னுரையில் தெரிவிக்கிறார். நூலின் பெரும் பகுதியைச் சொத்துப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். மார்க்கம் வகுத்த பங்கு உரியவருக்கு உரிய அளவில் போய்ச் சேர வேண்டும். அதில் பிழை நேர்ந்தால் ஓர் அனாதையின் உரிமை பறிபோகும். ஆகவே அவருக்குக் கணக்கு என்பது நீதியின் ஒரு பகுதி.

அந்த நூலில் எக்ஸ் இல்லை. கூட்டல் குறி, கழித்தல் குறி, சமக்குறி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அவர் சொற்களால் எழுதினார். சமக்குறி 1557இல் இங்கிலாந்தின் ராபர்ட் ரெக்கார்ட் எழுதிய நூலில்தான் வந்தது. தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று எழுதும் வழக்கம் 1637இல் வெளிவந்த பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்தின் நூலுக்குப் பிறகே பரவியது. அல்-குவாரிஸ்மி தெரியாத எண்ணை ஷைஃ என்றார். அரபியில் அதற்குப் பொருள், ஏதோ ஒன்று, ஒரு பொருள் என்பதுதான். இன்னும் கண்டுபிடிக்காத ஒரு பொருளுக்கு வைத்த தற்காலிகப் பெயர் அது. பிள்ளையிடம் எக்ஸ் என்றால் என்ன என்று விளக்க இதைவிட எளிய வழி இல்லை.

முறிந்ததைச் சேர்த்தல்

அல்-ஜப்ர் என்ற சொல்லுக்கு முறிந்ததைச் சேர்த்துச் சீராக்குதல் என்று பொருள். எலும்பு முறிவைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அதே சொல்தான். ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவு வைத்தியரை அல்ஜீப்ரிஸ்தா என்று அழைத்தது இதனால்தான். முகாபலா என்றால் எதிரெதிரே வைத்து ஒப்பிட்டு ஈடு செய்தல்.

ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பொருள் குறைந்தால் நான்கு. அந்தப் பொருள் எவ்வளவு? இங்கே பத்து முழுமையாக இல்லை, முறிந்து கிடக்கிறது. குறைந்த பொருளை அதனிடம் திருப்பிக் கொடுத்தால் அது முழுப் பத்தாகிவிடும். ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கத்துக்கும் கொடுக்க வேண்டும் அல்லவா? இப்போது பத்து என்பது நான்கும் ஒரு பொருளும். இது ஜப்ர். இனி இரு பக்கமும் பொதுவாக இருக்கும் நான்கை நீக்கினால் ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் பொருளும் நிற்கும். இது முகாபலா. ஆகவே பொருள் ஆறு.

இன்று நாம் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்கிறோம். ஏன் மாறுகிறது என்பதைச் சொல்வதில்லை. பிள்ளை சில நாள் ஒழுங்காக மாற்றும், பிறகு மாற்றக் கூடாத இடத்திலும் மாற்றும். இரு பக்கமும் சமமாகக் கொடுத்தோம், இரு பக்கமும் சமமாக எடுத்தோம் என்று சொல்லிப் பழக்கினால் அந்தப் பிழை குறையும்.

படம் வரைந்து காட்டியவர்

ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது. அந்த எண் எது? இது அவருடைய நூலின் மிகப் புகழ்பெற்ற கணக்கு. விடை காணும் வழியைச் சொல்லி முடித்ததோடு அவர் விடவில்லை, படமும் வரைந்து காட்டினார்.

முதலில் ஒரு சதுரம். அதன் பக்கம்தான் நாம் தேடும் எண். பத்து மடங்கை இரண்டாகப் பிரித்து, 5 அகலமுள்ள இரண்டு செவ்வகங்களாக்கி, சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்ட வேண்டும். இதுவரை உள்ள பரப்பு 39. ஆனால் ஒரு மூலை வெறுமையாக நிற்கிறது. அந்த மூலை ஐந்துக்கு ஐந்து, அதாவது 25. அதை நிரப்பினால் 64 பரப்புள்ள பெரிய சதுரம் கிடைக்கும். அதன் பக்கம் 8. ஒட்டிய 5ஐ எடுத்துவிட்டால் மீதி 3. விடை கிடைத்துவிட்டது.

தொடக்கப்பள்ளியில் கட்டம் வரைந்து கணக்குப் போட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புதிய உலகம் அன்று. அங்கே வரைந்த கட்டத்துக்கும் இங்கே எழுதும் எழுத்துக்கும் இடையே அவர் அமைத்த பாலம் இது. நாம்தான் அதில் பிள்ளைகளை நடத்திச் செல்லாமல் எட்டிக் குதிக்கச் சொல்கிறோம்.

பத்தில் ஒன்று குறைய

இனி, பிள்ளைகளை அதிகம் கலங்கவைக்கும் குறை எண்களுக்கு வருவோம்.

குறை எண்களைக் கூட்டிக் கழிப்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டாம். மின்தூக்கியில் தரைத்தளத்துக்குக் கீழே அடித்தளம் 1, அடித்தளம் 2 என்று போகிறோம். கடைக் கணக்கில் வரவும் கடனும் இருக்கின்றன. இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628லேயே மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் பெயரிட்டு, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் தந்துவிட்டார். சிக்கல் பெருக்கலில்தான் வருகிறது. கடனைக் கடனால் பெருக்குவது என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் புரியும்?

அல்-குவாரிஸ்மி இதற்கு எடுத்துக்கொண்ட கணக்கு, பத்தில் ஒன்று குறைய உள்ளதை பத்தில் ஒன்று குறைய உள்ளதால் பெருக்குவது. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81 என்பது வாய்ப்பாடு தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அதையே அவர் பிரித்துப் பெருக்குகிறார். பத்தும் பத்தும் பெருக்க 100. குறை ஒன்றைப் பத்தால் பெருக்கக் குறை 10. மறுபடியும் குறை 10. ஆக 80. ஆனால் சரியான விடை 81 ஆயிற்றே! மிச்சமிருப்பது குறை ஒன்றைக் குறை ஒன்றால் பெருக்குவது மட்டும்தான். எனவே அது மிகை ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

வகுப்பில் இதைக் கட்டத்தாளில் காட்டலாம். பத்துக்குப் பத்து கட்டம் வரைந்து, ஒரு வரிசையை அடிக்க வேண்டும், ஒரு நிரலை அடிக்க வேண்டும். மூலையில் உள்ள கட்டம் இரண்டு முறை அடிபட்டுவிடும். ஒரே கடனை இரண்டு முறை வசூலித்தால் ஒரு முறை திருப்பித் தருவதுதானே நியாயம்? அந்த ஒரு கட்டத்தைத் திருப்பித் தந்தால் 81 சரியாக வரும்.

இவ்வளவு தெளிவாக விளக்கியவர், தனித்து நிற்கும் குறை எண்ணை விடையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. 39 வரும் அந்தக் கணக்குக்கு 3 மட்டுமன்றி, குறை 13ம் விடைதான். சதுரத்தின் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பதால் அவருடைய நூலில் அதற்கு இடமில்லை. குறை எண்களைத் தவிர்ப்பதற்காகவே சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்தார். குறை எண்களின் குறி விதிகளை அரபு அல்ஜீப்ராவில் முறையாக எழுதியவர் 12ஆம் நூற்றாண்டின் அல்-சமவ்அல். இத்துறைக்குப் பெயர் கொடுத்த பேரறிஞரே விலகி நின்ற இடத்தில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தயங்கி நின்றால், அது மந்தம் அன்று. நின்று விளக்க வேண்டிய இடம் அது என்றே பொருள்.

இரண்டு மகன்களின் கணக்கு

பங்கீட்டுப் பகுதியில் அவர் தரும் ஒரு கணக்கு நம் கவனத்துக்குரியது. ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வேறொருவருக்குச் சாசனம் செய்திருக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். ஒரு மகன் தந்தைக்குத் தர வேண்டிய கடன் 10 திர்ஹம். அவன் கையில் பணம் இல்லை. ஆகவே கடனில் அவனுடைய பங்குக்கு ஈடான அளவை மட்டுமே சொத்தாகச் சேர்க்க முடியும். அந்த அளவு எவ்வளவு?

அதை ஒரு பொருள் என்று வைத்துக்கொள்கிறார். சொத்து பத்தும் ஒரு பொருளும் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு சாசனத்துக்குப் போக, மீதியை இரு மகன்களும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கடன்பட்ட மகனின் பங்குதான் அந்தப் பொருள். எனவே பத்தும் ஒரு பொருளும் சேர்ந்து மூன்று பொருளுக்குச் சமம். இரு பக்கமும் ஒரு பொருளை நீக்கினால் பத்து இரண்டு பொருளுக்குச் சமம். பொருள் 5. கையிருப்பு பத்தில் சாசனம் பெற்றவருக்கு 5, மற்ற மகனுக்கு 5. கடன்பட்ட மகனுக்குக் கடனில் 5 கழிகிறது. யாருக்கும் அநியாயம் இல்லை. எக்ஸ் எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

உலகம் சுற்றிய பெயர்

இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறை பற்றியும் அவர் ஒரு நூல் எழுதினார். அரபு மூலம் தொலைந்து, லத்தீன் வடிவமே எஞ்சியது. லத்தீனில் அவர் பெயர் அல்கோரிஸ்மி என்றாகி, அதிலிருந்து அல்காரிதம் என்ற சொல் பிறந்தது. இன்று கணினியும் கைத்தொலைபேசியும் இயங்குவது அல்காரிதங்களால்தான். அல்ஜீப்ரா நூலை 1145இல் செஸ்டர் ராபர்ட் ஸ்பெயினில் லத்தீனுக்குக் கொண்டுசென்றார். நூலின் பெயரிலிருந்த அல்-ஜப்ர் ஒரு துறையின் பெயராயிற்று. 1983இல் சோவியத் ஒன்றியம் அவருடைய 1200ஆம் பிறந்த ஆண்டை முன்னிட்டு அஞ்சல்தலை வெளியிட்டது.

இந்தியாவிலிருந்து எண்களைப் பெற்று, கிரேக்க அறிவும் புழங்கிய பாக்தாதில் அமர்ந்து, அரபியில் எழுதி, உலகுக்குக் கொடுத்தவர் அவர். எல்லாம் எங்களுடையது என்று சொல்லிக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் பெற்ற அறிவைத் தயங்காமல் பெற்றார், எளிதாக்கிக் கொடுத்தார். அந்தப் பண்பைத்தான் நாம் வாரிசாகப் பெற வேண்டும்.

சங்கத்தின் துணைப்பாட வகுப்புகளில் கற்பிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் அவருடைய வழியை மேற்கொள்ளலாம். முதலில் சொல்லால் சொல்வோம், பிறகு படத்தால் காட்டுவோம், அதன் பிறகே எழுத்துக்குப் போவோம். ஏன் என்று கேட்கும் பிள்ளையை, விதி அப்படித்தான் என்று உட்காரவைக்காமல் இருப்போம். கணக்கில் முறிந்துபோன நம்பிக்கையைச் சேர்த்துக் கட்டுவதும் ஒரு ஜப்ர்தான்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த நம் சங்கம், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கணக்கைக் கண்டு அஞ்சாத ஒரு தலைமுறையை உருவாக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.